தமிழ்நாட்டின் பந்துவீச்சுக் கையிருப்பு

தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணிக்குப் பந்துவீச்சாளர்கள் எந்தப் படிகளின் வழியாக வந்தார்கள் என்பது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீளும் வரலாறு. அந்த வரலாற்றில் இரண்டு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. சுழற்பந்து வீச்சாளர்கள் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே இருந்தார்கள். வேகப்பந்து வீச்சாளர்கள் அரிதாகவே கிடைத்தார்கள். மேலே ஏறுவதற்கான ஏணி நெடுங்காலம் சென்னை என்ற ஒரே நகரத்தில் நின்றது இதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில்தான் அந்த ஏணியின் கீழ்ப்படிகள் மாவட்டங்களை எட்டத் தொடங்கியுள்ளன.

கையிருப்பு என்பதன் பொருள்

வணிக ஊரான விருதுநகரில் கையிருப்பு என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. இன்று விற்கும் சரக்குக்குப் பின்னால் நாளைக்கு விற்க வேண்டிய சரக்கு கிடங்கில் இருக்க வேண்டும். விளையாட்டு அணிக்கும் இது பொருந்தும். களத்தில் ஆடும் நான்கைந்து பந்துவீச்சாளர்களுக்குப் பின்னால் அடுத்து இறங்கத் தயாராக எத்தனை பேர், அவர்களுக்குப் பின்னால் உருவாகிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே அணியின் ஆழம்.

இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டது அமெரிக்கப் பேஸ்பால். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, 1920களில் சிறு ஊர் அணிகளைத் தம் அணியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். பெரிய அணிகளுடன் போட்டியிட்டு வீரர்களை விலைக்கு வாங்கும் வசதி அவரிடம் இல்லை. ஆகவே சிறு அணிகளில் வளர்த்து மேலே கொண்டுவந்தார். பண்ணை முறை என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் 1930களின் இறுதியில் கார்டினல்ஸின் கீழ் 30க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. மற்ற அணிகளும் இதைப் பின்பற்றின. 2021 முதல் அமெரிக்காவின் 30 பெரிய அணிகள் ஒவ்வொன்றின் கீழும் முழுப் பருவமும் ஆடும் நான்கு அணிகள் என, மொத்தம் 120 சிறு லீக் அணிகள் இயங்குகின்றன.

இந்தப் பண்ணைகளில் நிர்வாகிகள் அதிகம் கவலைப்படுவது பந்தை எறியும் பிட்சர்களைப் பற்றித்தான். முழு வேகத்தில் திரும்பத் திரும்ப எறியும் கை சீக்கிரம் பழுதாகிறது. முழங்கைத் தசைநார் கிழிந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்கு, 1974இல் முதலில் அதைச் செய்துகொண்ட டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரே நிலைத்துவிட்டது. பத்து இளம் பிட்சர்களை வைத்திருக்கும் அணியில் சிலர் காயத்தால் போவார்கள், சிலர் மேல்படியில் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், ஓரிருவரே தேறுவார்கள். எனவே அங்கே ஆழம் என்பது ஒரு வகைக் காப்பீடு.

இந்தியாவிலிருந்தும் இரண்டு பேர் அந்தப் பண்ணை முறைக்குள் சென்றிருக்கிறார்கள். 2008இல் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பந்தெறியும் போட்டியின் வழியாக உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிவோரான ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியால் ஒப்பந்தம் செய்யப்பட்டார்கள். இருவருக்கும் வலுவான கை இருந்தது. சிறு வயது முதல் அந்த ஆட்டத்தை ஆடிய அனுபவம் இல்லை. தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு ஒற்றை ஏ நிலை வரை உயர்ந்தார். பின்னர் அவரும் அதே டாமி ஜான் அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். இருவரும் பெரிய லீக்கில் ஆடவில்லை. வலுவான கை மட்டும் போதாது, அதைப் பக்குவப்படுத்தும் படிகள் சரியான வயதில் கிடைக்க வேண்டும் என்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டுப் பந்துவீச்சின் கதையும் இந்தப் படிகளைப் பற்றியதுதான்.

சென்னையில் ஏணி அமைந்த விதம்

சென்னையில் கிரிக்கெட் ஆங்கிலேயர்களின் ஆட்டமாகத் தொடங்கியது. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் நிறுவப்பட்டது. அங்கு இந்தியர்களுக்குச் சம இடம் இல்லை. புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைட்டெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கான ஏற்பாடும் அவருடையது. 1908இல் அந்த ஆட்டம் நடப்பதற்குச் சற்று முன்பு அவர் மறைந்தார். பின்னாளில் அது பொங்கல் பருவத்தில் நடக்கும் வழக்கமான ஆட்டமாகியது.

1930களின் தொடக்கத்தில் சங்க அமைப்பும் லீக் ஆட்டங்களும் உருப்பெற்றன. முதல் டிவிஷனில் வெல்லும் அணிக்கு வழங்கப்படுவது பாளையம்பட்டி ராஜா கேடயம். பாளையம்பட்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை ஒட்டிய ஊர். சென்னை லீக்கின் தலையாய பரிசு கரிசல் நாட்டு ஜமீன் ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அந்தக் கேடயத்துக்காக ஆட விரும்பும் கரிசல் நாட்டு இளைஞன் சுமார் 500 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது.

ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளை எடுத்தார். ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன் என்ற வேகப்பந்து வீச்சாளர். தமிழ்நாட்டுப் பந்துவீச்சின் இரண்டு கிளைகளும் அன்றே தெரிந்தன.

கோபாலன் செங்கல்பட்டுப் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். சென்னை அணியின் தலைவர் சி.பி. ஜான்ஸ்டன் அவரது திறமையைக் கண்டு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை கிடைக்கச் செய்தார். கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்ட்.

ஜான்ஸ்டன் கோபாலனுக்குச் செய்ததைப் பிற்காலத்தில் நிறுவனங்கள் ஒரு முறையாகவே செய்தன. ஸ்டேட் பாங்க், இந்தியா சிமெண்ட்ஸ், சன்மார், எம்.ஆர்.எஃப். போன்றவை வீரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை நடத்தின, அல்லது பழைய கிளப்புகளை ஆதரித்தன. ஜாலி ரோவர்ஸ், விஜய், ஆழ்வார்ப்பேட்டை போன்ற பெயர்கள் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் நிலைத்தன. முதல் டிவிஷனுக்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு எனப் படிகள் இறங்கின. நான்காம் டிவிஷனில் விக்கெட் எடுப்பவரை மேல் டிவிஷன் அணி அழைத்துக்கொள்ளும். பேஸ்பாலில் ஒரே முதலாளியின் கீழ் அமைந்த படிகள், இங்கே பல முதலாளிகளின் கீழ் ஒரே சங்கத்தின் லீக்கில் அமைந்தன.

சுழற்பந்தின் மிகுதி

இந்த லீக் தந்த பெரிய விளைச்சல் சுழற்பந்து. சேப்பாக்கத்தின் ஆடுகளமும் வெயிலும் அதற்குத் துணை செய்தன. 1954-55இல் சென்னை முதல்முறை ரஞ்சி கோப்பையை வென்றது. இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்களில் தோற்கடித்த அந்த இறுதி ஆட்டத்தில் ராம் சிங்கின் மகன் ஏ.ஜி. கிருபால் சிங் மட்டையாலும் சுழற்பந்தாலும் முன்னின்றார்.

மிகுதி என்பது தனிமனிதருக்கு எப்போதும் நன்மையாக அமைவதில்லை. லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் 1961இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகளை எடுத்தார். அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட். ரஞ்சியில் 418 விக்கெட்டுகள், முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள் என்பவை அவருடைய கணக்கு. இந்திய அளவில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்ற நால்வர் நிலைபெற்ற காலத்தில் ஐந்தாமவருக்கு இடம் இருக்கவில்லை. அந்த நால்வரில் ஒருவரான எஸ். வெங்கட்ராகவன் குமாருடன் ஒரே மாநில அணியில் ஆடியவர். ரஞ்சியில் 530 விக்கெட்டுகளும், 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகளும் எடுத்தார். அவருக்குமே பிரசன்னா இருந்ததால் ஆஃப் ஸ்பின்னர் இடம் உறுதியில்லாமல்தான் இருந்தது.

அடுத்த தலைமுறையில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் எஸ். வாசுதேவன் 1987-88இல் அணித் தலைவராகத் தமிழ்நாட்டுக்கு இரண்டாவது ரஞ்சி கோப்பையைப் பெற்றுத் தந்தார். அவர் இந்தியாவுக்காக ஆடியதில்லை.

கையிருப்பு மிகுதியாக இருக்கும்போது நேரும் இன்னொரு ஆபத்து அவசரம். எல். சிவராமகிருஷ்ணன் 16 வயதில் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் 28 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை எடுத்தார். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் டெஸ்டில் அறிமுகமானபோது அவருக்கு 17 வயது 118 நாள். அன்றைய நிலையில் இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் வீரர் அவரே. 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட்டுகளை எடுத்து வெற்றி தேடித் தந்தார். 1986 ஜனவரியில் அவருடைய கடைசி டெஸ்ட் முடிந்தபோது வயது 20. மொத்தம் 9 டெஸ்டுகள், 26 விக்கெட்டுகள். படிகளைத் தாண்டிக் குதித்து மேலே சென்ற ஒருவர் சறுக்கியபோது, கீழே இறங்கி நின்று கைத்திறனைச் சரிசெய்துகொள்ள அன்றைய அமைப்பில் வழி இருக்கவில்லை.

வேகப்பந்தின் பற்றாக்குறை

கோபாலனுக்குப் பின் டெஸ்டில் ஆடிய தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காவல்துறையில் பணியாற்றிய சி.ஆர். ரங்காச்சாரி 1948இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள் எடுத்தார். மொத்தம் 4 டெஸ்டுகளில் ஆடினார். டி.ஏ. சேகர் 1983இல் 2 டெஸ்டுகளும், பரத் அருண் 1986-87இல் 2 டெஸ்டுகளும் ஆடினார்கள். எல். பாலாஜி 2003 முதல் 2005 வரை 8 டெஸ்டுகளில் ஆடினார்.

வேகப்பந்துக்கான நாட்டின் முதன்மையான பயிற்சிக்கூடம் சென்னையிலேயே இருந்தும் நிலைமை இதுதான். எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் 1987இல் ரவி மாமனின் முயற்சியில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அதன் பயிற்சி இயக்குநர். சேகரும் அங்கு நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்தார். 2012இல் லில்லி விலக, கிளென் மெக்ரா வந்தார். ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், இர்ஃபான் பதான், முனாஃப் படேல், ஸ்ரீசாந்த் ஆகியோர் அங்குப் பயின்றவர்கள். வேகப்பந்து வீசும் ஆசையுடன் 1987இல் அங்கு வந்த சச்சின் டெண்டுல்கரை மட்டை பிடிப்பதில் கவனம் செலுத்துமாறு லில்லி அனுப்பிவைத்தது பலரும் அறிந்த செய்தி.

இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயர்கள் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. ஃபவுண்டேஷன் இந்தியா முழுவதற்குமான மேல்படி. ஏற்கெனவே வேகம் காட்டிய இளைஞனைச் செதுக்குவது அதன் வேலை. அவனை முதலில் கண்டுபிடிப்பது கீழ்ப்படியின் வேலை. அந்தக் கீழ்ப்படி கர்நாடகத்திலும் பரோடாவிலும் ஆள் கொடுத்த அளவுக்குத் தமிழ்நாட்டில் கொடுக்கவில்லை.

விளைவு ரஞ்சி கோப்பையில் தெரிந்தது. 1987-88க்குப் பின் தமிழ்நாடு 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 ஆகிய ஆறு பருவங்களில் இறுதி ஆட்டத்துக்கு வந்து ஆறிலும் தோற்றது. தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. வெளியூர் ஆடுகளத்தில், முதல் நாள் காலை ஈரத்தில், எதிரணியின் வேகப்பந்துக்கு ஈடுகொடுக்கும் பந்துவீச்சு இல்லாதது அவற்றில் ஒன்று. 2014-15 இறுதி ஆட்டத்தில் மும்பை வான்கடே மைதானத்தில் கர்நாடகத்தின் வினய் குமார் 5 விக்கெட்டுகளை எடுக்க, தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 134 ரன்களுக்குச் சுருண்டது.

வேகப்பந்து வீச்சாளர் சுழற்பந்து வீச்சாளரைவிட எளிதில் காயப்படுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004 பாகிஸ்தான் பயணத்தில் நாட்டின் செல்லப்பிள்ளையான பாலாஜி, முதுகெலும்பு முறிவுக் காயத்தால் நீண்ட காலம் விலகியிருக்க நேர்ந்தது. மீண்டு வந்து 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார் என்றாலும் டெஸ்டுக்குத் திரும்பவில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் என்ற வரிசை இல்லாத அணிக்கு இத்தகைய காயம் ஒவ்வொன்றும் பெரிய இழப்பு.

கண்மாய்க்குள் நடக்கும் ஆட்டம்

கீழ்ப்படி இல்லை என்பதற்கு ஆட்டம் இல்லை என்று பொருளல்ல. விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சிகளிலும், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசுத் தொழில் ஊர்களிலும் இளைஞர்கள் ஓயாமல் ஆடுவது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அறுவடை முடிந்த கரிசல் காடு, கோடையில் வற்றிய கண்மாய், பள்ளி மைதானம் ஆகியவையே ஆடுகளம். பொங்கலுக்கும் கோயில் பொங்கல் விழாக்களுக்கும் ரொக்கப் பரிசும் சுழற்கோப்பையும் வைத்துப் போட்டிகள் நடக்கின்றன. ஊருக்கு ஓர் அணி என்ற நிலை மாறித் தெருவுக்கு ஓர் அணி வந்துவிட்டது.

இந்த ஆட்டம் உருவாக்கும் பந்துவீச்சுக்குத் தனி இயல்பு உண்டு. டென்னிஸ் பந்துக்குத் தையல் மேடு கிடையாது. அதனால் தையலை நிமிர்த்திப் பிடித்து வீசும் பழக்கம் வராது. பந்து இலகுவானது என்பதால் வேகம் கூட்டக் கையை முழு விசையில் சுழற்ற வேண்டும். மேடுபள்ளமான தரையில் எகிறும் பந்தை நம்ப முடியாது. ஆகவே மட்டைக்காரரின் காலடியில் நேராக இறக்கும் யார்க்கரே நிச்சயமான ஆயுதம். ஆட்டம் ஆறு, எட்டு ஓவர்களில் முடிவதால் ஒருவர் வீசுவது ஓரிரு ஓவர்கள்தான். ஒரே இடத்தில் இருபது ஓவர் விடாமல் வீசும் பொறுமையும் உடல்வலுவும் அங்கே பழக வாய்ப்பில்லை. வளைந்த முழங்கையுடன் வீசினாலும் ஊர்ப் போட்டியில் கேட்பார் இல்லை. இருபது ஓவர் ஆட்டத்தின் கடைசி ஓவர்களுக்கு இது நல்ல பள்ளி. நான்கு நாள் ரஞ்சி ஆட்டத்துக்கு இது அரைகுறைப் பள்ளி.

தோல் பந்துக்கு மாறுவதற்குத் தேவையானவை பல. புல்தரை அல்லது பாய் விரித்த ஆடுகளம், ஆணி பதித்த காலணி, வலைப்பயிற்சி, முழங்கையைப் பார்த்துத் திருத்த ஒரு பயிற்சியாளர் ஆகியவை மாவட்டத் தலைநகரில் ஓரளவும் சென்னையில் முழுமையாகவும் கிடைத்தன. மாவட்டச் சங்கங்களும் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகளும் நெடுங்காலமாக இருந்தாலும், தேர்வாளர்களின் கண் சென்னை லீக்கின் மேல் டிவிஷன்களில்தான் இருந்தது. அச்சகத்திலோ பட்டாசு ஆலையிலோ வாரக்கூலிக்குப் போகும் குடும்பத்துப் பையனுக்குச் சென்னையில் அறை எடுத்துத் தங்கி மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருப்பது முடியாத காரியம். 18 வயதில் கிடைக்க வேண்டிய படி 24 வயதில் கிடைத்தால், அதற்குள் அவன் வேலைக்குப் போயிருப்பான்.

சின்னப்பம்பட்டியிலிருந்து பிரிஸ்பேன் வரை

இந்த நிலை மாறத் தொடங்கியதற்குச் சான்றாக நிற்பவர் டி. நடராஜன். 1991இல் சேலம் அருகே சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சுமார் 20 வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து மட்டுமே. 2010-11இல் சென்னை லீக்கின் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்காகத் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என ஏறினார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார். அந்த ஆட்டத்திலேயே அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுப்பப்பட்டது.

முன்பிருந்த பலருடைய ஆட்டம் இந்த இடத்தில் முடிந்துபோயிருக்கும். நடராஜனுக்கு லீக்கின் படிகளும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா போன்ற முன்னாள் வீரர்களின் துணையுடன் கையைத் திருத்தி மீண்டும் வந்தார். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காகத் தூத்துக்குடி அணிக்கு எதிராக ஒரு சூப்பர் ஓவரில் அடுத்தடுத்து யார்க்கர்களாக வீசியது தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் தெரிந்தது. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. 2020 ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்காக 16 விக்கெட்டுகளை எடுத்தார்.

அதே ஆண்டு இறுதியில் இந்திய அணியுடன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றார். டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், இரண்டு நாள் கழித்து அங்கேயே இருபது ஓவர் ஆட்டத்திலும் அறிமுகமானார். டெஸ்ட் தொடரில் முகமது ஷமி, உமேஷ் யாதவ், ரவீந்திர ஜடேஜா, பும்ரா, அஸ்வின் என ஒருவர்பின் ஒருவராகக் காயத்தில் விழுந்தார்கள். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் டெஸ்டில் நடராஜன் இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரராகவும், வாஷிங்டன் சுந்தர் 301ஆவது வீரராகவும் களமிறங்கினார்கள். சென்னைக்காரரான அஸ்வின் விட்ட ஆஃப் ஸ்பின்னர் இடத்தை நிரப்பியவர் இன்னொரு சென்னைக்காரர். முதல் இன்னிங்ஸில் நடராஜனும் வாஷிங்டனும் தலா 3 விக்கெட்டுகள் எடுத்தார்கள். வாஷிங்டன் 62 ரன்களும் அடித்தார். ஜனவரி 19 அன்று இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரைக் கைப்பற்றியது. கையிருப்பின் பயன் இந்தியக் கிரிக்கெட்டில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த தருணங்கள் குறைவு.

மூன்று வகை ஆட்டங்களிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன். அதன் பின் வந்த முழங்கால் காயமும் அறுவை சிகிச்சையும் அவரைப் பின்னுக்குத் தள்ளின. பிரிஸ்பேனுக்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவில்லை. தம் ஊரில் அவர் ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்திருக்கிறார். தமக்குக் கிடைக்காத கீழ்ப்படியை அடுத்தவருக்குக் கட்டிக்கொடுத்தது அவர் எடுத்த விக்கெட்டுகளுக்கு ஈடான பங்களிப்பு.

தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் பங்கு

இந்த லீக்கின் அணிகள் திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி, திருச்சி, கோவை, காரைக்குடி என ஊர்ப்பெயர்களைத் தாங்கின. ஆட்டங்கள் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன. தேர்வாளர்களும் ஐ.பி.எல். அணிகளின் ஆட்களும் நேரிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள். முறையான வழியில் வராதவர்களுக்கு இது ஒரு பக்கவாட்டு நுழைவாயிலாக அமைந்தது.

வருண் சக்கரவர்த்தி பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர். இடம் கிடைக்காமல் ஆட்டத்தை விட்டுக் கட்டடக்கலை படித்து வேலைக்குச் சென்றார். திரும்பி வந்து வேகப்பந்து வீசினார். முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்துக்கு மாறினார். நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிளப்பிலிருந்து 2018இல் மதுரை பேந்தர்ஸுக்கு வந்தார். அந்த ஆண்டு இறுதி ஏலத்தில் பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சம் ரூபாய் கொடுத்தது. 2025 சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியில் 9 விக்கெட்டுகள் எடுத்தார். சின்னப்பம்பட்டி வட்டாரத்திலிருந்தே வந்த ஜி. பெரியசாமி 2019 இறுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்காக 15 ரன்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்தார்.

குறுகிய ஆட்டங்களில் இதன் பலன் தெரிந்தது. சையது முஷ்டாக் அலி கோப்பையைத் தமிழ்நாடு 2020-21, 2021-22 என அடுத்தடுத்து வென்றது.

இன்றைய நிலை

நீண்ட ஆட்டத்தில் பழைய ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வுபெற்ற அஸ்வினுக்குப் பின்னாலும் மாநிலத்தில் சுழற்பந்துக்குக் குறைவில்லை. 2023-24 ரஞ்சிப் பருவத்தில் அணித் தலைவர் ஆர். சாய் கிஷோர் 53 விக்கெட்டுகளுடன் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். அவருடன் ஆடிய எஸ். அஜித் ராம் 41 விக்கெட்டுகள் எடுத்தார். இருவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள். அரையிறுதி மும்பையில் நடந்தது. புதுப்பந்துக்கு உதவிய ஆடுகளத்தில் மும்பையின் வேகப்பந்து வீச்சாளர்கள் தமிழ்நாட்டை 146 ரன்களுக்குச் சுருட்டினார்கள். சாய் கிஷோர் 6 விக்கெட்டுகள் எடுத்து மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்ற நிலைக்குத் தள்ளிய பிறகும், மறுமுனையில் அழுத்தம் கொடுக்க ஆள் போதாமல் மும்பை 378 வரை சென்றது. தமிழ்நாடு இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது.

வேகப்பந்தில் வெளியிலிருந்து ஆள் சேர்ப்பதும் நடக்கிறது. 2020இல் சந்தீப் வாரியர் கேரளத்திலிருந்து வந்தார். வடக்கிலிருந்து வந்து சென்னை லீக்கில் வளர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் 2024 அக்டோபரில் கோவையில் சௌராஷ்டிராவுக்கு எதிராக 22 ரன்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்தார். வந்தவரை வளர்க்கும் திறன் சென்னை லீக்குக்கு இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. தென்மாவட்டங்களிலிருந்து அந்த லீக்குக்குள் வருவது இன்னும் கடினம் என்பதையும் இது சேர்த்தே காட்டுகிறது.

2025 அக்டோபரில் மதுரையில் வேலம்மாள் கல்விக் குழுமத்தின் கிரிக்கெட் மைதானத்தை எம்.எஸ். தோனி திறந்துவைத்தார். மல்லாங்கிணற்றிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் இப்போது முதல்தரமான ஆடுகளம் ஒன்று இருக்கிறது. மைதானம் படியின் ஒரு பகுதி மட்டுமே. ஊர்ப் போட்டியில் வேகமாக வீசும் 15 வயதுப் பையனை ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்வது, அவன் கையில் தோல் பந்தைக் கொடுப்பது, முழங்கையைத் திருத்துவது, முதுகு முதிரும் வரை ஓவர்களை அளந்து கொடுப்பது, படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் வழி செய்வது ஆகியவை சேர்ந்தால்தான் அது ஏணியாகும். சுழற்பந்தில் தமிழ்நாடு இதைத் தலைமுறைகளாகச் செய்து காட்டியிருக்கிறது. வேகப்பந்தில் செய்ய வேண்டியதும் அதே வேலைதான். அதற்கான ஆட்கள் கரிசல் காட்டுக் கண்மாய்களில் ஏற்கெனவே வீசிக்கொண்டிருக்கிறார்கள்.